வாசலில் நின்றே எப்படி முடிவு செய்தார்கள்? 108 ஊழியரின் கேள்விகளும் காரணங்களும்

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். என் தந்தைக்கு இருபது ஆண்டுகளாக இளைப்பு நோய் உண்டு. முன்பு பீடி பழக்கம் இருந்தது. 2021 மே மாதம் ஒரு நாள் காலையில் அவருக்கு மூச்சு வாங்கியதால் 108-ஐ அழைத்தோம். முழுக் கவச உடையில் வந்தவர்கள் வாசலில் நின்றபடியே, காய்ச்சல் உண்டா, யார் வீட்டுக்குப் போனீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். வழக்கமாக வைக்கும் நெபுலைசரை வைக்கவில்லை. அம்மாவை வண்டியில் ஏற்றவில்லை. "சந்தேக நோயாளி" என்று எழுதிக்கொண்டு அழைத்துப் போனார்கள். ஒரு மருத்துவமனை வாசலில் வெகுநேரம் வண்டியிலேயே காத்திருந்து, பிறகு கொரோனா வார்டில் சேர்க்கப்பட்டார். மூன்றாம் நாள் தொற்று இல்லை என்று முடிவு வந்தது. அதற்குள் தெருவே எங்களை ஒதுக்கிவிட்டது. பரிசோதனை எதுவும் செய்யாமல் அவர்கள் எப்படி முடிவு செய்தார்கள்? நாளை இன்னொரு தொற்று வந்தாலும் இதேதானா?

– வாசகி, உசிலம்பட்டி வட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். மதுரையில் அவசர சிகிச்சை மருத்துவராகப் பணியாற்றுவதோடு ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குப் பயிற்சியும் அளித்து வருபவன் என்பதால், உங்கள் கேள்வியை எனக்கே கேட்கப்பட்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

அன்று உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள், உங்கள் தந்தைக்குக் கொரோனா இருக்கிறது என்று முடிவு செய்யவில்லை. அப்படி முடிவு செய்வதற்கான கருவி 108 வண்டியில் கிடையாது. மூக்கிலிருந்து சளி மாதிரி எடுத்துச் செய்யும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனைக்கு ஆய்வகமும் பல மணி நேரமும் தேவை. கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள் முடிவு தரும் விரைவு ஆன்டிஜென் பரிசோதனை வந்த பிறகும், அறிகுறி உள்ளவருக்கு அதில் "இல்லை" என்று வந்தால் அதை நம்பிவிடக் கூடாது, ஆர்டி-பிசிஆர் செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்பதே விதியாக இருந்தது. ஆகவே வாசலில் நின்ற அந்த மருத்துவ உதவியாளர் தேடிய விடை வேறு ஒரு கேள்விக்கானது: "இவருக்குத் தொற்று இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டு நான் நடந்துகொள்ள வேண்டுமா?" இந்தக் கேள்விக்கு "ஆம்" என்று சொல்லப் பெரிய ஆதாரம் எதுவும் தேவையில்லை. தேவைப்படவும் கூடாது என்பேன்.

ஏனென்றால், அவர் இரண்டு விதமாகத் தவறலாம். தொற்று இல்லாதவரைச் சந்தேகித்தால், ஒரு கவச உடை வீணாகும். வண்டியைக் கிருமிநாசினியால் துடைத்து முடிக்கும் வரை அது அடுத்த அழைப்புக்குப் போக முடியாது. உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்தது போன்ற மன உளைச்சலும் ஏற்படும். இவை சிறிய இழப்புகள் அல்ல. ஆனால் தொற்று உள்ளவரை விட்டுவிட்டால், அதே வண்டியில் அடுத்து ஏறுபவர் பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணாகவோ, திருமங்கலம் நான்குவழிச் சாலையில் அடிபட்டவராகவோ இருக்கலாம். மருத்துவ உதவியாளரும் பைலட் எனப்படும் ஓட்டுநரும் நோயுற்று, அந்த வட்டாரத்தின் வண்டியே ஓடாமல் நின்றுவிடலாம். அதனால் பெருந்தொற்றுக் காலத்தில் வலையை அகலமாக விரிக்கச் சொல்லித்தான் பயிற்சி தருகிறோம். தொற்று இல்லாத பலரும் அதில் அகப்படுவார்கள் என்று தெரிந்தேதான் தருகிறோம். அப்படி அகப்பட்டவருக்கு ஆக்சிஜனோ மருந்தோ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதோ ஒரு நிமிடமும் தாமதமாகக் கூடாது என்பது அதே பயிற்சியின் மறுபாதி. இந்த மறுபாதி உங்கள் தந்தைக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்தச் சந்தேகத்தில் நோயாளியின் உடலைப் போலவே காலத்துக்கும் பங்கு உண்டு. 2019 மே மாதத்தில் இதே இளைப்போடு அவர் அழைத்திருந்தால், பழைய நுரையீரல் நோய் முற்றியிருக்கிறது என்றே எவரும் எண்ணியிருப்பார்கள். 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. இரண்டாம் அலையின் உச்சம் அது. ஊரெங்கும் நோய் பரவிக் கிடக்கும்போது மூச்சுத்திணறலோடு அழைக்கும் எவருக்கும் அது இருப்பதற்கான வாய்ப்பு பல மடங்கு கூடிவிடும். அவருடைய மூச்சு 2019-இல் இருந்தது போலவே இருந்திருக்கலாம்; ஊர் மாறியிருந்தது.

அடையாளம் காணும் வேலை வண்டி புறப்படும் முன்பே தொடங்கிவிடுகிறது. 108-ஐ அழைத்தால் பேச்சு முதலில் சென்னையில் உள்ள கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். என்ன தொந்தரவு, எந்த ஊர், எந்த அடையாளம் என்று கேட்பவர், பெருந்தொற்றுக் காலத்தில் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் உண்டா, வீட்டில் வேறு யாருக்கேனும் நோய் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்டு, அதை வண்டிக்குச் சொல்லி அனுப்புவார். கவச உடையை வீட்டு வாசலில் வந்து மாட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால் இந்த முன்தகவல் மிகவும் முக்கியம். ஆனால் அழைப்பவர் பெரும்பாலும் பதற்றத்தில் இருப்பார், அல்லது பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். காய்ச்சல் என்று சொன்னால் வண்டி வராது என்று பயந்து மறைப்பவர்களும் உண்டு. அதனால் தொலைபேசியில் "இல்லை" என்று வந்த விடைகளை ஊழியர் வீட்டு வாசலில் மறுபடியும் கேட்பார். உங்களை நம்பாததால் கேட்டார் என்று எண்ண வேண்டாம்.

வாசலில் ஆறடி தள்ளி நின்றதற்கும் காரணம் உண்டு. முதல் பார்வையை எட்ட நின்று முடித்துக்கொண்டு, தேவையான பாதுகாப்போடு ஒருவர் மட்டும் அருகே செல்ல வேண்டும் என்பது பல நாடுகளிலும் பின்பற்றப்பட்ட நடைமுறை. அந்த ஆறடியிலிருந்தே பலவும் தெரியும். நோயாளி முழு வாக்கியமாகப் பேசுகிறாரா, இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்குகிறாரா. கைகளை முன்னால் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரா. கழுத்துத் தசை இழுபடுகிறதா. உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா. இருமும்போது சளி வருகிறதா, வறட்டு இருமலா. பழகிய கண் இதையெல்லாம் அரை நிமிடத்தில் பார்த்துவிடும்.

"யார் வீட்டுக்குப் போனீர்கள்" என்ற கேள்வி உங்களைப் புண்படுத்தியிருக்கலாம். அந்தக் கேள்விக்கு மதுரையிலேயே ஒரு வரலாறு உண்டு. கொரோனாவின் தொடக்க நாட்களில், வெளிநாடு போய் வந்தாரா, அப்படி வந்தவரோடு பழகினாரா என்பதே சந்தேகத்தின் முதல் அளவுகோலாக இருந்தது. தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அதிகாலையில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்தது. இறந்தவர் வெளிநாடு சென்று வந்தவர் அல்லர். ஏற்கெனவே நாட்பட்ட நுரையீரல் நோயும் கட்டுக்குள் வராத சர்க்கரையும் இருந்தவர். பயணத்தை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளும் எந்த ஊழியரும் அப்படிப்பட்டவரைத் தவறவிட்டிருப்பார். அதற்குச் சில நாட்கள் முன்புதான், மார்ச் 20 அன்று, கடுமையான மூச்சுத்தொற்றோடு மருத்துவமனையில் சேர்க்கப்படும் அனைவரையும், பயணம் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும், பரிசோதிக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் விதியை விரிவாக்கியிருந்தது. விமான நிலையத்தைக் கேட்ட கேள்வி அதன் பிறகு கல்யாண வீடு, துஷ்டி வீடு, திருவிழாக் கூட்டம், மில் விடுதி என்று நம் ஊர் வாழ்க்கைக்கு இறங்கி வந்தது. உங்களிடம் கேட்கப்பட்டது அதுதான்.

காய்ச்சலைப் பற்றிய கேள்வி எளிதாகத் தோன்றும்; ஊழியர்களை அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானி அளப்பது தோலின் சூட்டைத்தான். கத்திரி வெயிலில் களத்துமேட்டிலிருந்து வந்து உட்கார்ந்தவருக்கு இல்லாத காய்ச்சலை அது காட்டும். வியர்த்த நெற்றியில் மின்விசிறிக் காற்று பட்டுக்கொண்டிருந்தால் இருக்கும் காய்ச்சலை மறைக்கும். சற்று நேரம் நிழலில் இருக்க வைத்து மறுபடி பார்க்க வேண்டும், அல்லது அக்குளில் வைத்து அளக்க வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது வழக்கமான எல்லை. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு முன் மெடிக்கல் கடையில் வாங்கிய பாராசிட்டமால் மாத்திரையைப் போட்டிருந்தால் அந்த எல்லைக்கே பொருளில்லை. அதனால்தான் "காய்ச்சல் இருக்கிறதா" என்பதோடு "மாத்திரை எப்போது போட்டீர்கள், ஊசி ஏதும் போட்டீர்களா" என்றும் கேட்கச் சொல்லிக் கொடுக்கிறோம். வயதானவர்களுக்கும் எதிர்ப்பு சக்தி குன்றியவர்களுக்கும் கடும் தொற்றிலும் காய்ச்சல் வராமலே போகலாம்.

இதைவிட நம்பகமான அளவு மூச்சின் எண்ணிக்கை. நன்றாக இருக்கும் பெரியவர் ஒரு நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். 2021-இல் நம் நாட்டில் பின்பற்றப்பட்ட வழிகாட்டுதல், நிமிடத்துக்கு 24 அல்லது அதற்கு மேல் என்றால் நடுத்தர நோய், 30-ஐத் தாண்டினால் கடும் நோய் என்று வகுத்தது. எண்ணுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் நோயாளியின் மூச்சு தானாகவே மாறிவிடும். ஆகவே நல்ல ஊழியர் நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்தபடி, பார்வையைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுவார். அவசரத்தில் பத்து விநாடி பார்த்துவிட்டு ஆறால் பெருக்குவதை நான் வகுப்பில் ஏற்பதில்லை. ஒரு மூச்சு விட்டுப்போனால் கணக்கில் ஆறு குறைந்துவிடும்.

பிறகு, இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். 94 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆறுதல்; 90 முதல் 93 வரை நடுத்தர நோய்; 90-க்குக் கீழே கடும் நோய் என்று அதே வழிகாட்டுதல் சொன்னது. கொரோனாவில் இந்தக் கருவி காட்டிக்கொடுத்த ஒன்றை நாங்கள் யாரும் எளிதில் மறக்க மாட்டோம்: கைபேசியில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கு அளவு 80 என்று இருக்கும், அவருக்கோ மூச்சு முட்டும் உணர்வே இருக்காது. அப்படிப்பட்டவர்களைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இருந்த இடத்தில் அளவு சரியாக இருந்து, நாற்பது காலடி எடுத்து வைத்து நடந்ததும் 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் அதுவும் எச்சரிக்கைதான்; ஏற்கெனவே திணறிக்கொண்டிருப்பவரையும் நெஞ்சு வலிப்பவரையும் அப்படி நடக்கவிடக் கூடாது. கருவியிலும் குறை உண்டு. குளிர்ந்த விரலும் அடர்ந்த நகப்பூச்சும் அளவைக் கெடுக்கும். கருத்த தோல் உடையவர்களுக்கு உண்மையான அளவைவிடக் கூட்டிக் காட்டும் போக்கு அதற்கு உண்டு என்பதை 2020 டிசம்பரில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு எடுத்துக்காட்டியது. நம் ஊர் மக்களின் தோல் நிறத்தை எண்ணிப் பாருங்கள். 94 என்று காட்டினாலும் ஆள் சோர்ந்து கிடந்தால், ஆளைத்தான் நம்ப வேண்டும்.

உங்கள் தந்தையைப் பொறுத்தவரை சிக்கல் இங்கேதான் இருந்தது. இருபது ஆண்டு இளைப்பும் பழைய பீடிப் பழக்கமும் இருப்பவருக்கு, நல்ல நாளிலேயே அளவு 90 அல்லது 91 ஆக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போதும் 88 முதல் 92 வரை நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு. வேண்டிய அளவுக்கு மேல் கொடுத்தால் கரியமில வாயு தேங்கிப் போகும். எனவே எண் எவ்வளவு என்பதைவிட, அவருடைய வழக்கமான எண்ணிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் செய்தி. திணறலுக்குக் கொரோனா அல்லாத வேறு காரணங்களும் உண்டு. இதய பலவீனத்தால் வரும் திணறல் படுத்தால் கூடும், காலில் விரலை அழுத்தினால் குழி விழும். சர்க்கரை முற்றியவர் ஆழமாக மூச்சிழுப்பதைப் பார்த்து நுரையீரல் நோய் என்று எண்ணிவிடுவது உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் மாலைக் காய்ச்சலும் மெலிவும் இருந்தால் காசநோயை நினைக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஊழியர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஆனால், இவற்றுள் ஒன்று இருப்பது தெரிந்தாலும் தொற்று இல்லை என்று ஆகிவிடாது. பழைய நோயை முற்ற வைப்பதே பெரும்பாலும் புதிய தொற்றுதான். உங்கள் தந்தையின் நோய் வரலாறு அவரைச் சந்தேகத்திலிருந்து விலக்காமல் போனது அதனால்தான்.

நெபுலைசர் மருந்தைப் புகையாக்கி அனுப்பும் கருவி. நோயாளி வெளிவிடும் மூச்சோடு அது மூடிய வண்டிக்குள் பரவும் என்ற அச்சத்தால் அப்போது பல வழிகாட்டுதல்கள் அதைத் தவிர்க்கச் சொல்லின. எல்லா நாட்டு வல்லுநர்களும் இதில் ஒத்த கருத்தினர் அல்லர். ஆனால் நெபுலைசர் வைக்காவிட்டால், அதே மருந்தை ஸ்பேசர் குழாய் பொருத்திய இன்ஹேலர் மூலம் கொடுத்திருக்க வேண்டும். பெரும்பாலான இளைப்புத் தாக்குதல்களில் அது நெபுலைசருக்குச் சமமாக வேலை செய்யும். அதையும் கொடுக்கவில்லை என்றால் உங்கள் வருத்தம் நியாயமானது.

அம்மாவை ஏற்றாததும் இதே காரணத்தால்தான்: பின்புறத்தில் ஆள் குறையக் குறையத் தொற்று பரவும் வாய்ப்பு குறையும். ஆனாலும் அவரிடம் எந்த மருத்துவமனைக்குப் போகிறோம், யாரை எந்த எண்ணில் கேட்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும் என்று நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லி வருகிறேன். முகம் தெரியாத உடையில் வந்து தந்தையை ஏற்றிக்கொண்டு போகிறவர் ஒரு சொல் ஆறுதலாகச் சொல்லாவிட்டால், வீட்டில் இருப்பவர்களுக்கு அது கைது செய்வது போலத்தான் தோன்றும்.

"சந்தேக நோயாளி" என்று எழுதியது, வழியிலேயே மருத்துவமனைக்குச் சொல்லி எந்த வாயிலில் இறக்குவது என்று முடிவு செய்வதற்காக. அப்படிச் சொன்ன பிறகும் வெகுநேரம் வண்டியில் காத்திருக்க நேர்ந்ததும், சந்தேகத்தில் வந்தவர் தொற்று உறுதியானவர்களோடு ஒரே வார்டில் கிடத்தப்பட்டதும் ஊழியரின் கணிப்பில் நேர்ந்த பிழைகள் அல்ல. படுக்கை இல்லாததாலும் திட்டம் இல்லாததாலும் நேர்ந்தவை. இரண்டாவது மிக ஆபத்தானது. தொற்று இல்லாமல் உள்ளே போன நாட்பட்ட நுரையீரல் நோயாளி அங்கேயே தொற்றைப் பெற்றுவிடலாம். வலையை அகலமாக விரிக்கச் சொல்லும் எங்களைப் போன்றவர்கள், அகப்பட்டவர்களுக்குத் தனி இடம் கேட்டு இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும்.

இன்னொரு தொற்று வந்தால் கேள்விகள் மாறும். 2003-இல் பரவிய சார்ஸ் நோயில், நோய் நன்றாக முற்றிய பிறகே பெரும்பாலும் மற்றவருக்குத் தொற்றியது. அதனால் காய்ச்சலைப் பார்த்துப் பிரிப்பது ஓரளவு பலன் தந்தது. கொரோனாவோ அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தொற்றக்கூடியது. இன்ஃப்ளுயன்சாவில் தொற்றிய 1 முதல் 4 நாட்களுக்குள் நோய் தெரியும், கொரோனாவில் 14 நாள் வரை ஆகலாம். "கடந்த எத்தனை நாளில் யாரோடு இருந்தீர்கள்" என்ற கேள்வியின் எண்ணே இதனால் மாறிவிடுகிறது. வாசனை தெரியவில்லை என்பது முதல் அலைகளில் நல்ல தடயமாக இருந்து, ஒமைக்ரான் என்ற திரிபு வந்தபோது மங்கிப்போனது. வயதானவர்கள் இருமல் ஏதுமின்றி, திடீர்க் குழப்பமோ வயிற்றுப்போக்கோ கீழே விழுந்ததோ காரணமாகவே வண்டியில் ஏறிய அனுபவம் பல ஊர்களில் உண்டு. ஆகவே பெருந்தொற்று பரவும் காலத்தில், அடிபட்டவரோ பிரசவத்துக்குப் போகிறவரோ, எல்லா நோயாளிக்கும் எல்லா ஊழியருக்கும் முகக்கவசம் என்ற பொது விதியே முதல் அரண். மேலே சொன்ன கணிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி 108-ஐ அழைக்க நேர்ந்தால், காய்ச்சலையோ வீட்டில் மற்றவருக்கு இருக்கும் சளியையோ தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். அதனால் உங்கள் உரிமை எதுவும் குறையாது, வருபவர்கள் ஆயத்தமாக வருவார்கள், வாசலில் கேள்வி நேரமும் குறையும். நோயாளியைக் காற்றோட்டமான திண்ணையிலோ முற்றத்திலோ உட்கார வையுங்கள். திணறுபவரைப் படுக்க வைக்காதீர்கள். முகக்கவசம் தாங்க முடிந்தால் போடுங்கள், தாங்க முடியவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

உங்கள் தந்தைக்காக ஒன்றை இந்த வாரமே செய்துவிடுங்கள். அவர் நன்றாக இருக்கும் நாளில் மருத்துவரிடம் அழைத்துப் போய், ஓய்வில் அவருடைய ஆக்சிஜன் அளவு எவ்வளவு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எந்த இன்ஹேலர், ஆக்சிஜன் கொடுத்தால் எந்த அளவுக்குள் நிறுத்த வேண்டும் என்பதை மருந்துச் சீட்டிலேயே தேதியிட்டு எழுதி வாங்குங்கள். அவரிடம் ஸ்பேசர் இல்லையென்றால் அதையும் கேட்டு வாங்கி, எப்படி உறிஞ்ச வேண்டும் என்று மருத்துவர் முன்னிலையில் ஒரு முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். வண்டி வந்ததும் முதலில் அந்தச் சீட்டை மருத்துவ உதவியாளரின் கையில் கொடுங்கள். ஸ்பேசரையும் இன்ஹேலரையும் தந்தையோடு அனுப்பிவையுங்கள்.